துறவிப் புனிதர் பலகைப் படம்: மரம் தேர்வதிலிருந்து வார்னிஷ் வரை

மறுமலர்ச்சிக் கால இத்தாலியக் கோயில்களில் பலிபீடத்துக்கு மேல் நிறுத்திய படங்களில் நடுவே பெரும்பாலும் மாதா அமர்ந்திருப்பார். இரு பக்கமும் தனித்தனிப் பலகைகளில் புனிதர்கள் நிற்பார்கள். பின்னாளில் பீடங்களைப் பிரித்தபோது இந்தப் பக்கப் பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குப் போய்விட்டன. இத்தாலியின் சான்செபோல்க்ரோ ஊர் அகுஸ்தீன் சபைக் கோயிலுக்காக ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா 1454-இல் ஒப்புக்கொண்டு 1469-இல் முடித்த பீடப்படம் அப்படிச் சிதறியதுதான். அதிலிருந்த தொலெந்தீனோ புனித நிக்கோலாஸ் இப்போது மிலானில் போல்டி பெட்சோலி அருங்காட்சியகத்தில் இருக்கிறார். உடன் நின்ற அகுஸ்தீனார் லிஸ்பனில், மிக்கேல் சம்மனசு (வானதூதர்) லண்டனில், அருளப்பர் (யோவான்) நியூயார்க்கில்.

அந்த வகைத் துறவி ஒருவரை, இடுப்பளவு உருவமாக, தங்கப் பின்னணியோடு, 50 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் முட்டை டெம்பராவில், அதாவது முட்டை மஞ்சள்கருவில் குழைத்த நிறத்தில், தீட்டும் முறை இது. பியெரோ காலத்தில் எண்ணெயும் கலந்துவிட்டது. இங்கே சொல்வது அதற்குச் சற்று முந்தைய புளோரன்ஸ் பட்டறை முறை. அதன் பெரும்பகுதியை 1400 வாக்கில் ஓவியர் சென்னினோ சென்னினி எழுதி வைத்திருக்கிறார்.

துறவிப் படத்தில் நிறம் குறைவு. மாதாவின் நீலம், சம்மனசின் செம்பட்டு எதுவும் உதவிக்கு வராது. கறுப்போ வெள்ளையோ சாம்பலோ ஒரே அங்கி, ஒரு முகம், இரண்டு கை, ஒரு புத்தகம், மீதி தங்கம். அதனால் அடித்தளத்தில் விட்ட பிழை எதுவும் மறையாது. கீழே இருப்பது பலமாகவும், மேலே போகப் போகப் பசை குறைவாகவும் இருக்க வேண்டும் என்ற ஒரே விதிதான் பலகை முதல் தங்கம் வரை ஓடுகிறது. வெடிப்பு, உரிதல், கொப்புளம் என்று வருவதில் பெரும்பகுதி இந்த விதி மீறியதால் வருவது.

முதலில் யார் என்று முடிவு செய்யுங்கள்

உடையைத் தவறாகப் போட்டால் படம் வேறொருவருடையதாகிவிடும். புனித ஆசீர்வாதப்பருக்கு (பெனடிக்ட்) கறுப்பு அங்கி, கையில் சபை ஒழுங்குப் புத்தகம், சில படங்களில் பிரம்புக் கட்டு அல்லது ஆதீனத் தலைவருக்குரிய வளைகோல். ஆனால் கமால்தோலி சபைக்காக வரைந்த படங்களில் அவரே வெள்ளை அங்கியில் வருவார், அந்தச் சபையின் உடை வெள்ளை என்பதால். அந்தச் சபைத் துறவியான ஓவியர் லொரென்சோ மொனாக்கோ அப்படித்தான் வரைந்தார். சாமிநாதருக்கு (தொமினிக்) வெள்ளை அங்கி, வெள்ளை உத்தரியம், மேலே கறுப்புப் போர்வை, கையில் லீலி. பிரான்சிஸ்கன் துறவி என்றால் சாயம் போடாத கம்பளியின் சாம்பல் அல்லது பழுப்பு, இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறு. சியன்னா நகர பெர்னார்தீன் ஒட்டிய கன்னத்தோடு, இயேசு நாமம் எழுதிய பலகையைப் பிடித்திருப்பார். வனத்து அந்தோனியாருக்குத் தாடி, டி வடிவக் கோல், மணி, காலடியில் பன்றி. அகுஸ்தீன் சபைத் துறவிக்குக் கறுப்பு அங்கியும் தோல் கச்சையும். தொலெந்தீனோ நிக்கோலாஸ் என்றால் கூடவே ஒரு நட்சத்திரம். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1446-இல். சான்செபோல்க்ரோ ஒப்பந்தம் எழுதும்போது எட்டே வருடம் ஆகியிருந்தது.

முதல் படத்துக்குக் கறுப்பு அங்கித் துறவியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அங்கி பார்க்க எளிது, தீட்டக் கடினம்.

பலகை

இத்தாலியர்கள் பயன்படுத்தியது பாப்லர். மென்மையான மரம், எடை குறைவு, அகலப் பலகை கிடைக்கும், ஆனால் ஈரத்துக்கு வளையும், பூச்சியும் அரிக்கும். நன்கு உலர்ந்த பாப்லர் 25 மி.மீ. தடிமனில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் போதும். அது வளையாது, முடிச்சும் இருக்காது. முழு மரம் என்றால் அறுத்த முகப்பில் ஆண்டு வளையங்களைப் பாருங்கள். மரம் உலரும்போது பட்டைப் பக்கம் குழியும், வைரப் பக்கம் புடைக்கும். பின்பக்கத்தில் குறுக்குச் சட்டம் வைத்தால் அதை இறுக்கி ஒட்டாதீர்கள். மரம் அகலவாக்கில் சுருங்கி விரியும். அதைத் தடுத்தால் நடுவில் பிளக்கும்.

முடிச்சு இருந்தால் தோண்டி எடுத்துவிட்டு, மரத்தூளும் வஜ்ஜிரமும் (விலங்குத் தோல் பசை) குழைத்து அடையுங்கள். ஆணித் தலை வெளியே தெரிந்தால் உள்ளே இறக்கி மூடுங்கள். துருக்கறை ஜெஸ்ஸோவை (நிறத்துக்கும் தங்கத்துக்கும் அடியில் பூசும் வெள்ளை அடித்தளம்) தாண்டி மேலே வரக் கூடாது என்பதற்காக சென்னினி அதன்மேல் தகரத் தாள் துண்டு ஒட்டச் சொல்கிறார்.

சட்டமும் இப்போதே வர வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் தச்சர் பலகையையும் சட்டத்தையும் சேர்த்தே செய்து தருவார், ஓவியர் இரண்டுக்கும் சேர்த்து ஜெஸ்ஸோ பூசுவார். சட்டம் கழற்றிய பழைய பலகைகளின் ஓரத்தில் ஜெஸ்ஸோ ஒரு சிறு வரம்பாக எழும்பி நிற்பது இதனால்தான். அந்த வரம்பு நான்கு பக்கமும் இருந்தால் படம் வெட்டப்படவில்லை என்று அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். 2.5 செ.மீ. அகலப் பட்டைகளை வஜ்ஜிரம் போட்டு ஒட்டி, சிறு ஆணிகளால் பிடித்துவிடுங்கள்.

வஜ்ஜிரமும் துணியும்

முயல்தோல் வஜ்ஜிரம் 90 கிராம், தண்ணீர் 900 மி.லி. இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கொதித்தால் பசைச் சக்தி போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, மாதங்கள் கழித்து ஜெஸ்ஸோ தூளாக உதிரும்போதுதான் தெரியும். கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் கட்டியாக உறைய வேண்டும். உறையாமல் நீராக நின்றால் வீசிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். குளிர்பெட்டியில் ஐந்தாறு நாள் தாங்கும்.

முதல் பூச்சு நீர்த்ததாக: 100 மி.லி. வஜ்ஜிரத்தில் 100 மி.லி. தண்ணீர். இது மரத்துக்குள் இறங்குவதற்கு. முன், பின், ஓரம் எல்லாப் பக்கமும் பூசுங்கள். காய்ந்ததும் நீர்க்காத வஜ்ஜிரம் ஒரு பூச்சு.

அடுத்து துணி. பலமுறை துவைத்த, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மெல்லிய லினன். சட்ட விளிம்பையும் சேர்த்து மூடும் அளவுக்கு வெட்டி, சூடான வஜ்ஜிரத்தில் முக்கி, லேசாகப் பிழிந்து பலகைமேல் விரியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி, அடியில் காற்று இல்லாமல் வெளியேற்றுங்கள். துணி நூலை வலிந்து இழுத்துப் பரப்பாதீர்கள். காயும்போது அது திரும்பச் சுருங்கி மூலைகளில் தூக்கும். இரண்டு நாள் காய விடுங்கள். பிறகு விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வரும் இடத்தில் துணி ஒட்டவில்லை. அந்த இடத்தைக் கத்தியால் கீறி, சூடு வஜ்ஜிரம் விட்டு அழுத்துங்கள். மரத்துக்கும் ஜெஸ்ஸோவுக்கும் நடுவே அசைவைத் தாங்குவது இந்தத் துணிதான். மூட்டு உள்ள பலகையில் இதை விட்டால் மூட்டு வாக்கிலேயே நேர்கோட்டில் வெடிப்பு வரும்.

ஜெஸ்ஸோ

கடையில் டப்பாவில் வரும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ இதற்கு உதவாது. அது நீரை உறிஞ்சாது, அதன்மேல் போட்ட தங்கம் மெருகேறாது. நமக்கு வேண்டியது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் இறுகும் குணத்தைக் கொன்று எடுத்த மாவு. இத்தாலியர்கள் இதை ஜெஸ்ஸோ சொத்தீலே என்பார்கள்.

15 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ பிளாஸ்டரைச் சிறிது சிறிதாகத் தூவி, ஒரு மணி நேரம் விடாமல் கிளறுங்கள். கை நின்றால் அடியில் கட்டியாகிவிடும். முதல் வாரம் தினமும் கிளறித் தெளிந்த நீரை மாற்றுங்கள். பிறகு ஒரு மாதம் ஆகும் வரை தினமும் ஒருமுறை கிளறினால் போதும். சென்னினி சொல்லும் கெடுவும் குறைந்தது ஒரு மாதம்தான். முடிவில் விரலிடையே தேய்த்தால் நெருநெருப்பு இருக்கக் கூடாது. துணியில் வடித்து, காய வைத்து, பொடித்துச் சலித்து வையுங்கள். இவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு, நல்ல சுண்ணப்பொடியும் வேலை செய்யும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பழைய ஓவியர்கள் அதைத்தான் பூசினார்கள். ஆனால் மெருகில் சொத்தீலே தரும் மென்மை அதில் வராது.

முதல் இரண்டு பூச்சுக்குப் பலமான கலவை: மேலே சொன்ன வஜ்ஜிரம் 150 மி.லி., மாவு சுமார் 225 மி.லி. அடுத்த எட்டுப் பூச்சுக்கு வஜ்ஜிரம் 210 மி.லி.யோடு தண்ணீர் 90 மி.லி. சேர்த்து நீர்த்து, அதில் மாவு 450 மி.லி. மாவைச் சல்லடையால் தூவித் தானாக மூழ்க விடுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் ஏறும். குமிழ் ஒவ்வொன்றும் பலகையில் ஊசித் துளையாக நிற்கும், தங்கத்தின் கீழ் அந்தத் துளை இரட்டிப்பாகத் தெரியும். பாத்திரம் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரியைச் சுற்றி இருக்கட்டும்.

முதல் பூச்சைப் பிரஷ்ஷால் தடவி, உடனே விரல்களால் வட்டவட்டமாகத் துணிக்குள் தேய்த்து இறக்குங்கள். ஊசித் துளையைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. பின்பக்கத்துக்கும் இந்தக் கலவையில் இரண்டு பூச்சு கொடுங்கள், இரு பக்கமும் சமமாக இழுக்கட்டும். அதன்பின் ஒவ்வொரு பூச்சும் முந்தையதற்குக் குறுக்காக. முந்தைய பூச்சின் ஈர மினுக்கம் போனதும், முழுக்கக் காய்வதற்குள் அடுத்தது. எட்டையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் இரண்டு தோலாகப் பிரியும். மின்விசிறிக் காற்று, நேர் வெயில் இரண்டும் வேண்டாம். மேல்புறம் முதலில் காய்ந்து வலைவலையாக வெடிக்கும். அப்படி வெடிப்பு வந்தால் மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மூடலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த வெடிப்பு மேலே வந்தே தீரும். ஈரத்துணி வைத்து ஊற வைத்து, வெடித்த அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுங்கள்.

நான்கு நாள் காய்ந்த பிறகு சமன் செய்வது. துணியில் முடிந்த கரித்தூளைப் பலகைமேல் தட்டி, கை வைத்துப் பரப்புங்கள். நேர் விளிம்புள்ள இரும்புத் தகட்டால் சுரண்டினால் மேட்டில் கரி போகும், பள்ளத்தில் நிற்கும். கரி முழுக்க மறையும் வரை சுரண்டுங்கள். கடைசியாக 400, 600 எண் உப்புத்தாள், பிறகு நன்கு பிழிந்த ஈரத்துணியால் ஒரே ஒருமுறை வட்டமாக நீவல். ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் கீறல் ஒன்றும் தெரியக் கூடாது. மெருகேற்றிய தங்கம் ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும்.

வரைவு

மெல்லிய கரித்துண்டால் வரையுங்கள். தவறினால் இறகால் தட்டினால் போகும். உருவம் சரியானதும் நீர்த்த மையால் பிரஷ் கொண்டு கோடுகளை உறுதி செய்து, கரியைத் தட்டிவிடுங்கள். அங்கி மடிப்புகளின் நிழலை இந்த மை நீரிலேயே போட்டுவிடுவது நல்லது, கறுப்பு அங்கிக்கு அது பிறகு வழிகாட்டும்.

தங்கமும் நிறமும் சந்திக்கும் எல்லாக் கோட்டையும் ஊசியால் லேசாகக் கீறுங்கள். தலை, தோள், கோல், விரல் நுனி எல்லாம். களிமண் பூச்சு வந்த பிறகு மைக்கோடு தெரியாது, கீறல் மட்டும்தான் தெரியும். ஒளிவட்டத்துக்குக் காம்பஸ் முள் பெரும்பாலும் முகத்துக்குள்தான் விழும். அந்தச் சிறு துளையைப் பிறகு ஜெஸ்ஸோ ஒரு சொட்டால் அடைத்துவிடலாம்.

தங்கம்

தங்கத்துக்கு அடியில் பூசும் ஆர்மீனியச் செங்களிமண்ணை (பட்டறைப் பேச்சில் ‘போல்’, bole) குழம்பாகவே வாங்கலாம். 50 மி.லி. தண்ணீரில் சுமார் 18 மி.லி. வஜ்ஜிரம் சேர்த்து நீர்த்து, அதில் ஒரு தேக்கரண்டி போலை விரலால் குழைத்து, பாலேடு அளவுக்கு நீர்க்க வையுங்கள். சென்னினி இதற்கு முட்டை வெள்ளைக்கரு சொல்கிறார். அதுவும் நன்று, ஆனால் பசை அளவைக் கட்டுப்படுத்த வஜ்ஜிரம் எளிது. நான்கு பூச்சு, மென்மையான பிரஷ்ஷால். காய்ந்த பின் விரலால் தேய்த்தால் சிவப்பு லேசாக மட்டும் ஒட்ட வேண்டும். நிறைய ஒட்டினால் பசை போதாது. ஒன்றுமே ஒட்டாமல் கண்ணாடிபோல் மின்னினால் பசை அதிகம், தங்கம் பிடிக்காது. காய்ந்ததும் மொரமொரப்பான துணியால் தேய்த்து மினுக்குங்கள்.

தங்க ரேக் 80 மி.மீ. சதுரமாக, 25 தாள் கொண்ட கட்டாக வரும். 23 காரட், தடித்த ரகம் வாங்குங்கள். இந்தப் பலகையில் தங்கம் மூட வேண்டிய பரப்பு ஏறக்குறைய 550 சதுர செ.மீ. கணக்குப்படி ஒன்பது தாளுக்குள் அடங்கும். விளிம்பு ஏற்றி வைப்பதற்கும் ஓட்டை அடைப்பதற்கும் சேர்த்து 20 தாள் ஆகும், ஒரு கட்டு போதும். பழைய ரேக் இன்றையதைவிடத் தடிமன். ஒரு தங்க டுகாட் காசிலிருந்து 145 தாள் தட்டுவது வழக்கம் என்றும், சமதளப் பின்னணிக்கு 100 தாள் மட்டுமே தட்டிய தடித்த ரேக் வேண்டும் என்றும் சென்னினி கேட்கிறார்.

காற்றை அடைத்துவிடுங்கள். தண்ணீர் இரண்டு பங்கு, ஸ்பிரிட் ஒரு பங்கு கலந்து, ஒரு தாள் அளவு இடத்தை மட்டும் நன்றாக நனையுங்கள். நீர் தேங்கி நிற்கும்போதே ரேக்கை அட்டைப் பிரஷ்ஷால் (ரேக் எடுப்பதற்கென்றே உள்ள தட்டையான மென்மயிர்ப் பிரஷ்) எடுத்து ஒரே அடியில் வையுங்கள். நீர் அதைத் தானே இழுத்துக்கொள்ளும். அடுத்த தாள் 3 மி.மீ. மேலேறட்டும். வைத்த தங்கத்தின் மேல் நீர் ஏறக் கூடாது, ஏறினால் அந்த இடம் கறையாக நிற்கும், மெருகு ஏறாது. ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தில் வாயால் ஊதி ஈரமாக்கித் துண்டு வையுங்கள்.

மெருகுக்குரிய நேரம்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். சாதாரணக் காற்றில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். வறண்ட நாளில் ஒரு மணியிலேயே கை வைக்க வேண்டியிருக்கும், மழை நாளில் மறுநாள் காலை வரை ஆகும். ஓரத்தில் அகேட் கல்லால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தங்கம் சுருண்டு கிழிந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போய் மங்கலாகவே இருந்தால் காய்ந்துவிட்டது. சரியான பதத்தில் கல்லுக்கடியில் தங்கம் இருண்டு கண்ணாடியாகும். நேராகப் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு, விளக்கை நகர்த்தினால் தீ. முதலில் எடை இல்லாமல், பிறகு அழுத்தம் கூட்டி.

ஒளிவட்டத்தின் புள்ளி முத்திரைகளை அன்றே அடியுங்கள், அடியில் ஜெஸ்ஸோ இன்னும் சற்று இளகியிருக்கும். மறுநாள் அடித்தால் புள்ளியைச் சுற்றி உடையும். முனை மழுங்கிய இரும்பு, சிறு சுத்தி, மிக லேசான தட்டு. கடைசியில், உருவத்தின் எல்லைக்குள் வழிந்த தங்கத்தைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். மெருகேற்றிய தங்கத்தின்மேல் டெம்பரா நிற்காது, சில மாதத்தில் செதிலாக உரியும்.

முட்டையும் நிறமும்

வெள்ளைக்கருவை வடித்துவிட்டு, மஞ்சள்கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டே, காலியான கையைத் துடைத்துக்கொண்டே இருங்கள். மேல்சவ்வு உலர்ந்ததும் இரு விரலால் சவ்வைப் பிடித்துத் தூக்கி, அடியில் ஊசியால் குத்தி, கருவை மட்டும் கிண்ணத்தில் விடுங்கள். ஒரு கரு ஏறக்குறைய 15 மி.லி. அதே அளவு தண்ணீர் சேருங்கள். அன்றன்று செய்வது நல்லது. ஒரு சொட்டு வினிகர் விட்டால் சற்றுக் கூடத் தாங்கும், ஆனால் அல்ட்ராமரீன் நீலத்தோடு வினிகர் சேரக் கூடாது, அமிலம் அந்த நிறத்தைக் கொன்றுவிடும்.

நிறப்பொடிகளைத் தண்ணீரில் குழைத்துத் தனித்தனி ஜாடியில் வையுங்கள். விளக்குக் கரி தண்ணீரில் மிதக்கும், முதலில் சில சொட்டு ஸ்பிரிட் விட்டால் நனையும். தீட்டும்போது குழம்பு ஒரு பங்கு, முட்டை ஒரு பங்கு. கண்ணாடித் துண்டில் தீட்டி மறுநாள் கத்தியால் நெம்புங்கள். தோல்போல் சுருண்டு வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் முட்டை போதாது, பிசுபிசுவென்று மினுங்கினால் அதிகம். ஒவ்வொரு நிறமும் குடிக்கும் அளவு வேறு. காவியும் கரியும் அதிகம் குடிக்கும், ஈய வெள்ளை குறைவு.

ஈய வெள்ளையும் சாதிலிங்கமும் (பாதரசச் சிவப்பு) விஷம். பொடியாகக் கையாளும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். உலர்ந்த பூச்சை உப்புத்தாள் போடக் கூடாது, பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூர்மையாக்கக் கூடாது. டைட்டானியம் வெள்ளை ஆபத்தில்லாத மாற்று. ஆனால் அது மிகவும் மூடும், குளிர்ந்த வெள்ளை. கீழே சொன்ன அளவில் பாதி போட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் காவி சேருங்கள்.

கறுப்பு அங்கி

முதலில் அங்கி, புத்தகம், கோல். முகம் கடைசி. பழைய பட்டறையின் வரிசையும் இதுவே.

வெறும் கறுப்பை எடுத்து நிரப்பினால் அங்கி ஓட்டையாகத் தெரியும். அதைவிட இருண்ட நிழல் போட இடமே இருக்காது. அதனால் மூன்று கிண்ணம். நடுக் கிண்ணத்தில் எலும்புக் கரி நான்கு பங்கு, அம்பர் மண் (பழுப்பு மண் நிறம்) ஒரு பங்கு, ஈய வெள்ளை ஒரு பங்கு. வெளிச்சக் கிண்ணத்தில் இந்த நடுக்கலவையும் வெள்ளையும் சமமாக, கூட ஒரு துளி மஞ்சள் காவி. நிழல் கிண்ணத்தில் கரியும் சிறிது அம்பரும் மட்டும். காவியும் அம்பரும் இல்லாமல் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் சாம்பல் நீலமாக மாறி, கம்பளி தகரம்போல் தெரியும்.

அங்கி முழுவதும் நடுக்கலவை, நீர்த்து, இரண்டு மூன்று பூச்சு. பிறகு 1 அல்லது 2 எண் பிரஷ்ஷை முக்கி, விரலில் பிழிந்து, கிட்டத்தட்ட உலர்ந்த நுனியால் இணை கோடுகளாக இழுங்கள். மடிப்பு வளையும் திசையில் கோடும் வளைய வேண்டும். டெம்பராவில் நிறத்தை நிறத்தோடு குழைக்க முடியாது. சில நொடியில் காய்ந்துவிடும், ஈரமாக இருக்கும் கோட்டை மறுபடி தொட்டால் அடிப்பூச்சும் சேர்ந்து கிளம்பி ஓட்டை விழும். அப்படி விழுந்தால் தொடாமல் விட்டு, நன்கு காய்ந்த பின் அடைக்கலாம். நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நூற்றுக்கணக்கான கோடுகளால்தான் போக வேண்டும். இந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பலன் பெரியது. தங்கத்துக்கு எதிரே அந்தக் கறுப்பு உயிரோடு நிற்கும்.

இருண்ட நிறம் காயும்போது வெளிறும், வார்னிஷ் போட்டால் மறுபடி ஆழமாகும். அதனால் காய்ந்த தோற்றத்தைப் பார்த்து நிழலைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

வெள்ளை அங்கி என்றால் நடுக்கலவை வெள்ளையோடு அம்பரும் பச்சை மண்ணும் கொஞ்சம். தூய வெள்ளையை மடிப்பின் முகட்டுக்கு மட்டும் கடைசி வரை சேமியுங்கள். புத்தக அட்டைக்குச் சிவப்பு வேண்டுமானால் சாதிலிங்கம் போடுங்கள். செவ்வரக்கு வகைச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும். லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள லொரென்சோ மொனாக்கோவின் மாதா முடிசூட்டு படத்தில் மாதாவின் ஆடை இன்று வெள்ளையாகத் தெரிவது அந்தச் சாயம் போனதால்தான்.

முகம், உச்சி, கை

தோலுக்கு அடியில் பச்சை. பச்சை மண் இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, முகத்திலும் கையிலும் இரண்டு பூச்சு. அதன்மேல் கண், மூக்கு, வாயின் கோடுகளைக் கரியும் காவியும் கலந்த மங்கலான பழுப்பில் எழுதுங்கள். உதட்டிலும் கன்னத்திலும் சாதிலிங்கமும் வெள்ளையும் கலந்த ரோஜா. துறவியின் முகத்தில் கன்னச் சிவப்பைக் குறைத்து, கண்ணிமையிலும் காது மடலிலும் சற்றுக் கூட்டினால் நோன்பிருந்த முகம் கிடைக்கும்.

பிறகு தோல் நிறம் மூன்று கிண்ணம். இருண்டதில் வெள்ளை நான்கு, மஞ்சள் காவி ஒன்று, சாதிலிங்கம் ஒன்று. நடுவில் அதோடு இன்னொரு மடங்கு வெள்ளை. மூன்றாவது ஏறக்குறைய வெள்ளை. நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தாடை என்று வெளிச்சம் விழும் இடங்களில் சிறு கோடுகளாக ஏற்றி, நிழலில் பச்சையை அப்படியே விடுங்கள். பச்சை துருத்தித் தெரிந்தால் அஞ்ச வேண்டாம், மேல் கோடுகள் கூடக்கூட அது நிழலாக அடங்கும். பழைய படங்களில் முகம் பச்சை பிடித்துத் தெரிவதற்கு ஓவியர் காரணம் அல்ல. மேலிருந்த மெல்லிய ரோஜாவைப் பிற்காலத்தில் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிட்டார்கள். முதியவர் முகத்துக்கு நாட்டுக் கோழியின் செம்மஞ்சள் கருவும், இளைய முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிர் கருவும் எடுக்கச் சொல்கிறார் சென்னினி.

மழித்த உச்சிதான் துறவிப் படத்தின் நுணுக்கமான இடம். அங்கே தோல் நிறத்தை முழுக்க ஏற்றக் கூடாது. பச்சை அடிப்பூச்சின்மேல் நடுத்தோல் நிறத்தை மிக நீர்த்து ஒரு பூச்சு மட்டும் போட்டால், மழித்த மயிரின் நீலப்பச்சைச் சாயல் தானாகவே வரும். அதன்மேல் உச்சியின் வளைவில் வெளிச்சக் கோடு சில. சுற்றியுள்ள முடி வட்டத்தை ஒரே கோடாக வெட்டி முடிக்காமல், எல்லையில் மயிரளவுக் கோடுகளை ஒன்றுக்கொன்று சற்று ஏறியிறங்க எழுதுங்கள். தாடையிலும் இதே முறை. மழித்து இரண்டு நாளான முகம் கிடைக்கும்.

நட்சத்திரம், விளிம்பு, வார்னிஷ்

நிக்கோலாஸின் நட்சத்திரம் நிறத்தின்மேல் விழுந்தால் பூண்டுச் சாறு போதும். பூண்டை நசுக்கிப் பிழிந்து, வடிகட்டி, எழுதும் கோடு கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துளி ‘போல்’ செங்களிமண் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் எழுதுங்கள். காய்ந்ததும் வாயால் ஊதி ஈரமாக்கி ரேக்கை அழுத்தி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். முன்னதாக அந்த இடத்தில் சுண்ணப்பொடியை லேசாகத் தட்டிவிட்டால் வேண்டாத இடத்தில் தங்கம் ஒட்டாது. புது டெம்பரா தங்கத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

டெம்பரா சில நிமிடத்தில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இறுக மாதங்கள் ஆகும். குறைந்தது ஒரு வருடம் வார்னிஷ் போடாமல் இருங்கள். அதுவரை தூசி படாமல், ஆனால் காற்றோட்டத்தோடு வையுங்கள். இறுக்கமாக மூடிய பெட்டியில் வைத்தால் முட்டைமேல் பூஞ்சை படரும். முதல் சில மாதங்களில் இருண்ட பகுதியில் வெண்படலம் வரக்கூடும். பூஞ்சையாக இல்லாவிட்டால் முட்டைக் கொழுப்பு மேலே வந்தது. உலர்ந்த மென்துணியால் மெதுவாகத் துடைத்தால் போகும்.

வார்னிஷை நிறத்தின்மேல் மட்டும் போடுங்கள். மெருகேற்றிய தங்கத்தின்மேல் பட்டால் அது மஞ்சள் பெயின்ட்போல் செத்துவிடும். அந்தத் தங்கத்தை ஈரத்துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது, அடியிலுள்ள களிமண் கரைந்து வந்துவிடும். தூசி தட்ட மென்மயிர்ப் பிரஷ் மட்டும். மாட்டும் அறையில் காற்று ஈரம் 50-லிருந்து 55 சதவீதம் வரை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். வெளிச்சுவர், கணப்புக்கு மேல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் மூன்றும் வேண்டாம். படத்தின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விடத் தக்கையைச் சட்டத்தின் மூலைகளில் ஒட்டிவிடுங்கள்.